ஷட்டர் இறங்கிய பின்னும் ஓடும் மீட்டர்

இரவு பத்தரை மணிக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பைக் கடைவீதியில் நடந்தால் ஒரு சத்தம் கேட்கும். ஷட்டர்கள் இறங்கியிருக்கும். மேற்கு மலையிலிருந்து வருகிற காற்று பெயர்ப்பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். காற்று ஓய்கிற இடைவெளியில், பூட்டிய கடைக்குள்ளிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வரும். ஐஸ்கிரீம் பெட்டியின் கம்ப்ரசர். அது நின்றால் பக்கத்தில் இருக்கும் குளிர்பானப் பெட்டி தொடங்கும். கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. கடை மட்டும் விழித்துக்கொண்டு மின்சாரம் தின்கிறது.

துணிக்கடைக்கோ பாத்திரக்கடைக்கோ இந்தத் தொல்லை கிடையாது. மெயினை அணைத்தால் மீட்டரும் நிற்கும். மளிகைக்கடையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சாக்கு மூட்டை, எண்ணெய் டின், தராசு, மேலே ஒரு குண்டு பல்பு. பாக்கெட் பால் வந்தது, அதற்கொரு பெட்டி. குளிர்பானம் வந்தது, கம்பெனிக்காரர்களே கண்ணாடிக் கதவு போட்ட பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐஸ்கிரீம், பனீர், உறைந்த பட்டாணி, பாதி வெந்த பரோட்டா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பலகையில் ‘சூப்பர் மார்க்கெட்’ என்று எழுதியபோது, மளிகைக்கடை கிட்டத்தட்ட ஒரு குளிர்பதனக் கிடங்காகவே மாறியிருந்தது.

மாடியில் சோலார் போட்டால் இப்படி ஒரு கடையின் கார்பன் உமிழ்வு எவ்வளவு குறையும் என்று கேட்டால், எல்லோரும் அண்ணாந்து மாடியைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். அந்த முனகலிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. வெயில் வருகிற நேரமும் குளிர் தேவைப்படுகிற நேரமும் ஒன்றில்லை. சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதற்கான வழியும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. கோம்பை அளவுள்ள ஒரு பேரூராட்சியில் இருக்கக்கூடிய 3,000 சதுர அடிக் கடை ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். இது நான் காகிதத்தில் கட்டிய கடை. ஊரில் தேட வேண்டாம். ஐஸ்கிரீமுக்கும் உறைபொருளுக்குமாக ஆறு டீப் ஃப்ரீசர்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு 4 யூனிட். கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டிகள் ஐந்து, தலா 6 யூனிட். நகரத்துக் கடைகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய, கதவில்லாத பால்-தயிர் அலமாரி ஒன்று. அது ஒன்றே 28 யூனிட் இழுக்கும். 2 டன் ஏசி நான்கு. சேர்ந்து 52 யூனிட். விளக்கு, கம்ப்யூட்டர், பில் மெஷின், கேமரா எல்லாம் 26. கூட்டினால் நாளைக்கு 160 யூனிட். இதில் குளிர்பெட்டிகளின் பங்கு மட்டும் 82, பாதிக்குச் சற்று மேல். உலகமெங்கும் உணவுப் பொருள் விற்கும் பேரங்காடிகளில் மின்செலவின் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை குளிர்பதனத்துக்கே போகிறது என்பதால், நம் காகிதக் கடை ஒன்றும் விசித்திரமானதல்ல.

இந்தியாவின் மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால், எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியாகச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண் இதையொட்டியே இருக்கிறது. அப்படியானால் 160 யூனிட் கடை ஆண்டுக்கு ஏறத்தாழ 41 டன். தெருமுனைக் கடை ஒன்றுக்கு இது சிறிய தொகை இல்லை.

இனி மாடிக்கு ஏறலாம். 3,000 சதுர அடி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, ஏசியின் வெளிப்பெட்டிகள், இவற்றின் நிழல் எல்லாம் போக 2,000 சதுர அடி மிஞ்சும். 100 சதுர அடிக்கு ஒரு கிலோவாட் என்பது சோலார்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்வது. ஆக 20 கிலோவாட். தமிழ்நாட்டு வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று சற்றுக் குறைத்தே வைத்தால், 80 யூனிட். கடையின் தேவையில் சரிபாதி. ஆண்டுக்கு 20 டன் கரியமில வாயு மிச்சம். பேனலைச் செய்யும்போது உண்டான உமிழ்வைக் கழிக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பேனல் நான்கு முதல் எட்டு மாதம் ஓடினால் அந்தக் கடன் தீர்ந்துவிடும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் கணக்கிட்டது. அதற்குப் பிறகும் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடுகிற பொருள் அது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு மின்சாரம் செய்வது புதிதில்லை. 1895-ல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கி டர்பைனைச் சுற்றுகிறது. அந்தத் தண்ணீரே பிறகு பதினெட்டாம் கால்வாயில் ஓடி கோம்பை, தேவாரம் பக்கத்துக் குளங்களுக்கும் வருகிறது. அடுத்தது காற்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் தமிழகக் காற்றாலைகளுக்குப் பேர்போன நான்கு வாசல்களில் ஒன்று. ஆனி, ஆடியில் இங்கே வீசும் காற்றுக்கு ஓடு பறக்கும், வாழை சாயும். வெயில் மூன்றாவதாக வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு அணையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், மொட்டைமாடி போதும்.

மேற்கே மலை சுவராக நிற்பதால் இங்கே சீக்கிரம் பொழுது சாய்ந்துவிடுகிறதே, அது நஷ்டமில்லையா என்று ஒருவர் கேட்டார். பயப்படும்படி இல்லை. மலை முகடு அடிவானத்திலிருந்து 10 பாகை உயரம் மறைக்கிறது என்று வைத்தாலும் போகிறது 40 நிமிட வெயில். அதுவும் சாய்ந்த, சாரமில்லாத வெயில். நாள் விளைச்சலில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் குறையும். கோம்பை பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று, கம்பத்தின் நிழல் கம்பத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அதனால்தான் இங்கே பேனலை 10 பாகைக்கு மேல் சாய்க்க வேண்டிய அவசியமில்லை. வடநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு 30 பாகை சாய்த்துக் கட்டுவது ஆடிக் காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுப்பதற்குச் சமம்.

மலையைவிட மோசமானது தென்னை. ஒரு பேனலில் செல்கள் எல்லாம் சங்கிலிபோல் கோத்திருக்கும். ஒரு செல்லில் ஓலையின் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதிலும் மின்னோட்டம் தடுக்கும், வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதது மாதிரி. இதற்காகவே பேனலுக்குள் மாற்றுப்பாதை டயோடுகள் வைத்திருக்கிறார்கள், பொதுவாக மூன்று. நிழல் விழுந்த மூன்றிலொரு பகுதியை விட்டுவிட்டு மீதி வேலை செய்யும். பக்கத்துத் தோப்பின் ஒரே மரம், மதியம் மூன்று மணிக்கு மாடியில் கோடு போல் நிழல் போட்டால், இழப்பு நிழலின் அளவைவிடப் பெரிதாக இருக்கும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. பேனலை அடுக்கும்போது மாலை வரை மாடியில் நின்று நிழல் எங்கே நகர்கிறது என்று பார்த்துவிட்டு அடுக்கச் சொல்கிறேன்.

வெயிலின் சூடு கூடினால் விளைச்சலும் கூடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. செல்லின் வெப்பநிலை 25 பாகையைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.35 சதவீதம் அளவில் இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் செல் 65 பாகை வரை காயும். அப்போது 14 சதவீதம் போய்விடும். இந்த இடத்தில் பள்ளத்தாக்கின் காற்று உதவிக்கு வருகிறது. மாடியிலிருந்து ஒரு முழ உயரம் தூக்கிக் கட்டினால் அடியில் காற்று ஓடிப் பேனலைத் தணிக்கும். கட்டடத்துக்கும் ஒரு லாபம் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஒரு கட்டடத்தை அளந்து பார்த்து 2011-ல் சொன்னது: பேனல் மூடிய கூரைக்கு வந்து சேரும் வெப்பம் 38 சதவீதம் குறைந்தது. பந்தல் போட்டால் வீடு குளிரும் என்று நம் பாட்டிமார் சொன்னதுதான். இந்தப் பந்தல் மின்சாரமும் தருகிறது. ஏசிக்கும் வேலை குறைகிறது.

சரி, 80 யூனிட் வந்துவிட்டது. கடை அதைத் தின்கிறதா?

காகிதக் கடையின் 160 யூனிட்டை நேரவாரியாகப் பிரித்தால், காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை 84 யூனிட், ஐந்திலிருந்து இரவு பத்து வரை 45, பத்திலிருந்து விடியும் வரை 31. பகல் செலவு 84, வெயில் வரவு 80. பொருந்திவிட்டது போலத் தோன்றும். ஆனால் நண்பகலில் பேனல்கள் 15 கிலோவாட் தரும்போது கடை இழுப்பது 9 அல்லது 10 தான். மீதி கம்பி வழியாக வெளியே போய்விடும். காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும் கடைக்குப் போதாது. வெளியிலிருந்து வாங்க வேண்டும். மொத்தத்தில் 60 யூனிட் கடைக்குள்ளேயே செலவாகும், 20 வெளியே போகும். கடை விற்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, வாங்கும் யூனிட்டுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்கு. வணிக இணைப்புக்கு யூனிட் 10 ரூபாய் அளவில் வருகிறது. மின்கட்டமைப்பைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் வேறு தனியாக உண்டு. கிலோவாட்டுக்கு 50 ஆயிரம் முதல் 60 ஆயிரம் வரை என்று வைத்து 20 கிலோவாட்டுக்கு 10 முதல் 12 லட்சம் போட்டால், ஐந்தாறு ஆண்டில் முதல் திரும்பும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டு, கடைக்கும் கிடைக்கும் என்று நம்பி விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அது குடியிருப்புக்கு மட்டும். கடைக்காரருக்கு உள்ள சலுகை வேறு வகை: வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். அது ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய சங்கதி.

ஒன்றில் சூப்பர் மார்க்கெட் மற்றவர்களைவிடக் கொடுத்துவைத்தது. பள்ளிக்கூடத்து மாடியில் பேனல் போட்டால் சித்திரை, வைகாசியில், வெயில் கொழுத்துக் கிடக்கும்போது, உள்ளே விளக்கெரியாது. அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. கடைக்கு ஞாயிறுதான் திருநாள். ஏழு நாளும் பகல் முழுக்கத் தின்கிற வாய் அது. இது எவ்வளவு பெரிய வசதி என்பதை இலங்கையைப் பார்த்தால் புரியும். 2016 செப்டம்பரில் அங்கே ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டம் தொடங்கிக் கூரைகள் வேகமாக நிரம்பின. கார்கில்ஸ் ஃபுட் சிட்டி, கீல்ஸ் போன்ற பேரங்காடிகளின் கூரைகளிலும் பேனல்கள் ஏறின. 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுக்க மின்சாரம் போனது. ஒரு குரங்கால் ஒரு தீவே எப்படி இருளும்? ஞாயிறு ஆனதால் ஆலையும் அலுவலகமும் மூடிக்கிடக்க, தேவை குறைந்திருந்தது. வெயிலோ முழுவீச்சில் காய்ந்தது. கனமான டர்பைன்கள் சுழல்வதால் தொகுப்புக்குக் கிடைக்கும் நிதானம் அன்று குறைவு. சின்னத் தடுக்கலும் வீழ்த்திவிட்டது. அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் கூரைச் சோலாரை அணைத்துவையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஞாயிறு மதியம் தன் வெயிலைத் தானே தின்கிற கட்டடம் இப்படிப்பட்ட தொகுப்புக்கு வரப்பிரசாதம்.

அந்தக் குரங்கு பள்ளத்தாக்குக்காரர்களுக்கு அந்நியமில்லை. மலையடிவார ஊரில் பேனல் மாட்டுகிறவர்கள் குரங்கையும் எலியையும் கணக்கில் வைத்தே ஆகவேண்டும். எலி கடித்த நேர்மின்னோட்டக் கம்பி வேடிக்கையில்லை. தொடர்ந்து பொறி பறக்கும். இணைப்புக் கொக்கி சரியாகப் பொருந்தாவிட்டாலும் அதே கதி. அமெரிக்காவில் வால்மார்ட் 240-க்கு மேற்பட்ட தன் கடைக் கூரைகளை டெஸ்லாவின் பேனலுக்கு விட்டிருந்தது. அவற்றில் ஏழு கடைகளில் தீப்பிடித்தது, பராமரிப்புக் கோளாறே காரணம் என்று சொல்லி 2019 ஆகஸ்டில் டெஸ்லா மீது வழக்குப் போட்டது. சில மாதத்தில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பேனலுக்கு மேல் தூசி துடைப்பதோடு பராமரிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கிற நம் ஊருக்கு இது நல்ல பாடம். துடைக்க வேண்டியது மேலே. பார்க்க வேண்டியது அடியில்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? இதில்தான் பல கடைக்காரர்கள் ஏமாந்து போகிறார்கள். பட்டப்பகல், உச்சி வெயில், மாடி நிறையப் பேனல், ஆனாலும் கடை இருட்டு. மின்வெட்டில் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, வெளியே மின்சாரம் இல்லையென்று தெரிந்த நொடியே இன்வெர்ட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். உயிர் காக்கும் ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்புகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவு கரியமில வாயு. கிடைப்பது மூன்று, மூன்றரை யூனிட். யூனிட்டுக்கு 0.8 கிலோ, மின்தொகுப்பின் சராசரியைவிட மோசம். ஜெனரேட்டரோடு சேர்ந்து சோலாரை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இருக்கிறது. போடும்போதே கேட்டு வாங்க வேண்டும். பிறகு சேர்த்தால் செலவு கூடும்.

இனி மாலை. கோம்பையில் கடை களைகட்டுவது ஆறு மணிக்கு மேல்தான். தோட்ட வேலை முடித்தவர்கள், பஸ்ஸில் இறங்குகிறவர்கள், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். நூறு தடவை திறந்து மூடுவதில் ஃப்ரீசர் ஓயாமல் ஓடும். பேனலோ உறங்கப் போயிருக்கும். அதே ஆறு மணிக்கு மாநிலம் முழுக்கத் தேவை எகிறுகிறது. நிலக்கரி உலைகள் மூச்சுமுட்ட எரிகின்றன. 0.7 கிலோ என்று முன்னே போட்டது ஒரு சராசரி. எல்லா மணிக்கும் அது ஒன்றுபோல் உண்மையில்லை. தமிழ்நாட்டில் நண்பகல் மின்சாரத்தில் ஏற்கெனவே கணிசமான பங்கு வெயிலுடையது. காற்றுக் காலத்தில் சில நாள் காற்றாலைகளையும் சூரிய நிலையங்களையும் குறைத்து ஓட்டச் சொல்லும் நிலைகூட வருகிறது. நண்பகலில் மிச்சப்படுத்தும் யூனிட்டைவிட இரவு எட்டு மணிக்கு மிச்சப்படுத்தும் யூனிட் காற்றுக்கு அதிக நன்மை செய்யும். கடை விளம்பரப் பலகையில் ‘இத்தனை டன் மிச்சம்’ என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பேட்டரி போடலாம். விலை இறங்கிக்கொண்டும் வருகிறது. ஆனால் குளிர்பதனக் கடைக்கு மட்டும் இன்னொரு கிடங்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது: குளிரையே சேர்த்து வைப்பது. தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை ஏராளமாக விட்டுக்கொடுக்கிறது; உருகும்போது அதே அளவைத் திரும்ப இழுக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். மின்கணக்கில் சொன்னால் 11 கிலோ பனி உருகினால் ஒரு யூனிட் அளவு வெப்பத்தை விழுங்கும். மதியம் வெளியே போகிற அந்த 20 யூனிட்டை வைத்துப் பனிக்கட்டி செய்தால், கம்ப்ரசர் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை யூனிட் குளிர் தரும் என்று கொண்டு, அரை டன் பனி சேரும். வழியில் கொஞ்சம் வீணானாலும், மாலையும் இரவும் குளிர்பெட்டிகள் இழுக்கும் 47 யூனிட்டில் மூன்றிலொரு பங்கையாவது அது தாங்கும்.

பால், தயிருக்குத் தண்ணீர்ப் பனி போதும். ஐஸ்கிரீமுக்கு இன்னும் கீழே போக வேண்டும். அதற்கும் வழி தெருவிலேயே இருக்கிறது. குல்பி விற்கிறவர் பனிக்கட்டியோடு கல்லுப்பைக் கொட்டுவது ஏன்? உப்புக் கரைசல் பூச்சியத்துக்குக் கீழேதான் உறையும். சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 பாகை வரை இறங்கும். இந்தக் கரைசலைத் தட்டையான தகட்டுப் பெட்டியில் அடைத்து உறையவைத்தால் அதுதான் குளிர்த் தகடு. தள்ளுவண்டி ஐஸ்கிரீம்காரர்கள் இரவெல்லாம் டிப்போவில் செருகிவைத்துத் தகடுகளை உறையவிட்டு, பகலெல்லாம் மின்சாரமே இல்லாமல் வெயிலில் விற்றுவருகிறார்கள். கடைக்காரர் செய்ய வேண்டியது இதைத் தலைகீழாக்குவது: பகலில் உறையவிட்டு இரவில் உருகவிடுவது. புனேயின் ஈகோசென் நிறுவனம் விவசாயிகளுக்காகச் செய்த ‘ஈகோஃப்ராஸ்ட்’ சூரியக் குளிர் அறையில் இந்த உத்திதான் வேலை செய்கிறது. வெயிலைக் குளிராகச் சேமித்து, மேகம் மூடிய நேரத்திலும் காய்கறியைக் காக்கிறது. பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பள்ளத்தாக்கில், கடையைவிடத் தோட்டத்துக்கே இது முதலில் வந்திருக்க வேண்டும்.

தகடு வாங்காமலேயே ஒரு சின்ன வேலை செய்யலாம். ஃப்ரீசரின் தெர்மோஸ்டாட்டை மதியம் மைனஸ் 24-க்கு இறக்கிவைத்து, மாலை மைனஸ் 18-க்கு ஏற்றினால், உள்ளே இருக்கும் பொருளே குளிர்க் கிடங்காகிவிடும். நிறைந்த பெட்டி நெடுநேரம் தாங்கும். காலியான பெட்டி தாங்காது. கதவில்லாத அந்த அலமாரிக்கு ஒரு கண்ணாடிக் கதவு போட்டால் அதன் 28 யூனிட்டில் மூன்றிலொரு பங்கு குறையும். அது போகட்டும், இரவில் ஒரு திரையாவது இழுத்துவிடலாம். வெளிநாட்டுப் பெரிய அங்காடிகள் இந்தக் கதவுக்காகப் பல ஆண்டு வாதாடியிருக்கின்றன, கதவு இருந்தால் வாடிக்கையாளர் கை நீட்டமாட்டார் என்று. நம் ஊர்ச் சின்னக் கடைகள் குளிர்பானக் கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவோடு அறியாமலே அவர்களை முந்திவிட்டன.

கடைசியாக ஒன்று, பேனலால் தொடவே முடியாதது. ‘அண்ணே, கேஸ் இறங்கிருச்சு, அடிச்சிரலாமா?’ மாசி பிறந்தால் மெக்கானிக்கிடமிருந்து இந்தக் கேள்வி வராத கடை இல்லை. பெட்ரோல் தீர்வதுபோல் குளிர்பதன வாயுவும் ஓடஓடத் தீரும் என்றே பலர் நினைக்கிறார்கள். அது தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள் அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. போன வாயு காற்றில் கலந்துவிட்டது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு ஒரு கிலோ, 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். பெரிய குளிர் அறைகளில் இருக்கும் ஆர்-404ஏ இன்னும் கொடியது: ஒரு கிலோவுக்கு 3,922 கிலோ. ஒன்றரைக் கிலோ ஆர்-22 உள்ள ஒரு ஏசி முழுக்கக் கசிந்தால் நம் காகிதக் கடையின் மாடி ஒன்றரை மாதம் உழைத்துச் சேர்த்தது போச்சு. 8 கிலோ ஆர்-404ஏ உள்ள குளிர் அறை காலியானால் 31 டன். மாடியின் ஒன்றரை ஆண்டு உழைப்பு. அமெரிக்கப் பேரங்காடிகளில் ஆண்டுதோறும் நிரப்பிய வாயுவில் கால்பங்கு வரை கசிகிறது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லிவந்திருக்கிறது.

ருவாண்டாவின் கிகாலியில் 2016 அக்டோபரில் ஆர்-404ஏ போன்ற வாயுக்களைக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-ல் அதை உறுதிசெய்தது. 2032-ல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதம் குறைப்பதாகக் கணக்கு. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. புதிதாக வரும் ஐஸ்கிரீம் பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 இருக்கிறது. பெயர்தான் புதிது, பொருள் புரொப்பேன். சமையல் எரிவாயுவில் இருப்பதுதான். ஒரு பெட்டியில் 150 கிராம்கூட இருக்காது, முழுக்கக் கசிந்தாலும் கேடு அரை கிலோ கரியமில வாயு அளவுதான். எரியக்கூடியது என்பதால் பழகிய கைதான் அதைத் தொட வேண்டும். பழைய பெட்டிக்கோ, மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியது: முதலில் சோப்பு நுரை போட்டு ஓட்டையைக் கண்டுபிடி, அடை, வேக்கம் போடு, அப்புறம் எடை பார்த்துக் கேஸ் அடி. கூலி கூடக் கேட்பார். கொடுக்கலாம்.

மாடியும் குளிர்பெட்டியும் சேர்ந்தாலும் கடையின் கார்பன் கணக்கு முடிவதில்லை. அலமாரியில் இருக்கிற அரிசியின் பின்னால் வயல்நீரில் கிளம்பும் மீத்தேன் இருக்கிறது, பாலின் பின்னால் மாடு, பிஸ்கட்டின் பின்னால் லாரி. பெரிய சங்கிலிக் கடைகள் தங்கள் உமிழ்வைக் கூட்டிப் பார்க்கும்போது பெரும்பங்கு விற்கும் பொருளில்தான் வந்து நிற்கிறது. கடைக்காரரால் அதில் செய்யக்கூடியது கொஞ்சமே. மாடியும் பெட்டியும் அவர் கையில் இருப்பவை.

சோலார்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு வாரம் ஒரு வேலை செய்து பார்க்கலாம். இரவு ஷட்டரை இறக்கும்போது மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் திறந்ததும், லைட் போடுவதற்கு முன், இன்னொரு முறை. ஆள் இல்லாத அந்த ஒன்பது மணி நேரத்தில் கடை தின்றது எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். காகிதக் கடைக்கு அது 31. கோம்பையின் நிஜக் கடைகளுக்கு எவ்வளவு என்பது அந்தந்த மீட்டருக்குத்தான் தெரியும்.